ஐந்து நிமிட விதி

பத்தொன்பது நாளாக அந்த ஒரு மென்பொருள் சோதனை மட்டும் சிவப்பாகவே நின்றது. தினமும் காலையில் குன்சுலு தன் கனத்த கோட்டைக் கழற்றுவதற்கு முன்பே சுவரில் மாட்டியிருந்த திரையைப் பார்த்துவிடுவாள். வரிசையாக நாற்பத்தாறு பச்சைக் கட்டம், கடைசியில் ஒரு சிவப்பு. அதைப் பார்த்ததும் கோபம் வரும். அதற்குள் யாராவது ஒருவர் தேநீர்க் கோப்பையோடு வந்து, "மறுபடி ஒரு தடவை ஓட்டிப் பாருங்க அப்கே, சரியாயிடும்" என்பார். மூத்த பெண்களை அங்கே 'அப்கே' என்றுதான் அழைப்பார்கள்.

மறுபடி ஓட்ட ஐம்பது நிமிடம் ஆகும். ஐம்பது நிமிடம் கழித்து மறுபடி சிவப்பு. இருபது வருடமாக மற்றவர்கள் எழுதியதில் ஓட்டை கண்டுபிடித்துப் பிழைக்கிற குன்சுலுவுக்கு, இந்த உலகத்தில் மிகவும் பிடிக்காத வாக்கியம் அந்த 'மறுபடி ஓட்டிப் பாருங்க'தான்.

விஷயம் இதுதான். ஊருக்கு வடக்கே கிழக்கு மேற்காகப் போகிற நெடுஞ்சாலையில் ஐம்பத்தெட்டு கிலோமீட்டர் தூரத்துக்கு ஒரு வீடு கிடையாது, மரம் கிடையாது. பனிப்புயல் எழும்பினால் முன்னால் போகிற வண்டியின் விளக்கு தெரியாது. அதனால் இரண்டு முனைகளில் உள்ள மேற்குச் சாவடியிலும் கிழக்குச் சாவடியிலும் தடுப்புக் கம்பத்தை இறக்கிப் பாதையை மூடுவார்கள். இதையெல்லாம் இனிமேல் மென்பொருள் பார்த்துக்கொள்ளட்டும் என்று மாகாணச் சாலைத்துறை முடிவெடுத்து, எர்கெபுலானின் சின்ன நிறுவனத்திடம் வேலையைக் கொடுத்திருந்தது. காற்றை அளப்பது ஒரு பகுதி. மூடலாமா என்று முடிவெடுப்பது இன்னொன்று. கம்பத்தை இறக்கச் சொல்வது, உள்ளே எத்தனை வண்டி மாட்டியிருக்கிறது என்று எண்ணுவது, அந்த எண்ணிக்கையை மீட்புப் படைக்கு அனுப்புவது என்று மொத்தம் ஐந்து பகுதி. ஐந்தையும் ஐந்து பேர் எழுதினார்கள். தனித்தனியாகப் பார்த்தால் ஐந்தும் தங்கம்.

ஆனால் மாப்பிள்ளை தங்கம், பெண் தங்கம் என்றால் போதுமா? ஒரே வீட்டில் வைத்துப் பார்த்தால்தானே குடித்தனத்தின் லட்சணம் தெரியும். நாற்பத்தேழாவது சோதனை அந்த வேலையைச் செய்தது. ஜனவரி மாதத்தில் மேற்குச் சாவடியில் நிஜமாகவே பாதையை மூடிய நாட்களின் பதிவுகளை எடுத்து, ஐந்து பகுதிகள் வழியாகவும் ஒன்றன்பின் ஒன்றாக ஓடவிடும். எங்கேயாவது கணக்கு இடித்தால் சிவப்பு. யார் புதிதாக ஒரு வரி எழுதினாலும் எல்லாச் சோதனைகளும் தானாக ஓடும், கடைசியில் இதில் வந்து முட்டிக்கொண்டு நிற்கும்.

இடித்த இடம் எப்போதும் ஒன்றேதான். கம்பம் இறங்கிவிட்டது என்று பதிவு சொல்லும். பதினைந்து நிமிடத்தில் ஏறிவிட்டது என்னும். இரண்டு நிமிடத்தில் மறுபடி இறங்கிவிட்டது என்னும். மூடியது மூடியபடி இருக்க வேண்டும் என்று எதிர்பார்க்கிற சோதனை, தலையில் அடித்துக்கொண்டு சிவப்பாகும்.

"கம்பத்துல இருக்கிற சென்சார் குளிருக்கு ஆடுது" என்றான் ரினாத். கம்பத்துப் பகுதியை எழுதியவன் அவன்தான். ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்ற கதை. "மைனஸ் முப்பத்தஞ்சுல இரும்பே சுருங்குது அப்கே. ஒரு திருகாணி சுருங்காதா?"

"சுருங்கட்டும்" என்றாள் குன்சுலு. "ரெண்டு நிமிஷம் சுருங்கி, அப்புறம் கரெக்டா விரியுமா? குளிர்ல பல்லு படபடன்னு அடிச்சுக்கும்; ரெண்டு நிமிஷம் அசையாம வாய் திறந்தே நின்னா நீ டாக்டர்கிட்ட போவியா மாட்டியா?"

எல்லோரும் சிரித்தார்கள். யாரும் சாவடிக்குப் போன் பண்ணிக் கேட்கவில்லை. கேட்க வேண்டுமென்றால் சாலைத்துறைக்குக் கடிதம் எழுதி, முத்திரை குத்தி, பதினைந்து வேலைநாள் காத்திருக்க வேண்டுமாம். கம்பம் ஏறிற்றா இறங்கிற்றா என்று கேட்க பதினைந்து நாள்! குன்சுலுவுக்கு எரிந்துகொண்டு வந்தது. திங்கட்கிழமை மதியம் அவள் கடிதத்தைத் தூக்கிப் போட்டுவிட்டுப் போனை எடுத்தாள். மூன்று பேருக்குப் போன் போட்டால் இந்த நாட்டில் யாரையும் பிடித்துவிடலாம். நாத்தனாரின் கணவர், அவருடைய ஓட்டுநர் நண்பர், அப்புறம் மேற்குச் சாவடிக் காவலர் சகின்திக்.

சகின்திக் முதலில் கம்பத்தைப் பற்றிப் பேசவே மறுத்தார். யார் மகள், எந்த ஊர், என்ன குலம், கட்டிக்கொடுத்தது எந்தக் குலத்தில் என்று ஏழு தலைமுறைக்குத் தோண்டினார். கடைசியில் மறுமுனையில் ஒரு திருப்தியான கனைப்புக் கேட்டது.

"அப்படின்னா நீ எங்க குலத்துக்கு வந்த மருமக. இதை முதல்லயே சொல்றதுக்கென்ன? கேளு மருமகளே."

"அகா," என்று மூத்தவருக்கான மரியாதையோடு தொடங்கினாள். "ஜனவரி இருபத்தெட்டு. காலைல ஒன்பது பத்துக்குக் கம்பம் இறங்கியிருக்கு. ஒன்பது இருபத்தஞ்சுக்கு ஏறியிருக்கு. அப்புறம் உடனே இறங்கியிருக்கு. குளிர்ல ஏதாச்சும் ஆடுதா?"

"என்ன ஆடுது? நான்தான் தூக்கினேன்."

"மூடின பாதையிலயா?"

"ஜனாஸாவுக்குப் போறேன்னு ஒருத்தன் வந்து நிக்கிறான். செத்தவனுக்கு ஒரு பிடி மண்ணு போடப் போறவனைக் கம்பத்தை வெச்சு மறிக்கச் சொல்றியா?"

"அன்னைக்கு ஏழு தடவை ஏறியிருக்கு அகா."

"ஏழு வண்டி."

"ஏழு பேருமா சாவுக்குப் போனாங்க?"

"புயல் அடிச்சா எங்க மாவட்டத்துல பாதிப்பேரு செத்துப்போயிடறான் மருமகளே. வெயில் அடிச்சா ஒருத்தனுக்கும் ஒண்ணும் ஆகறதில்ல." தன் பேச்சுக்குத் தானே சிரித்து இருமினார். "ஒருத்தன் மடியில பெரிய கேக்கு டப்பா வெச்சிருந்தான். 'சாவு வீட்டுக்கா தம்பி?'ன்னேன். 'ஆமா அகா'ன்னான், கண்ணைக்கூடச் சிமிட்டல."

"தெரிஞ்சும் விட்டீங்களா?"

"ஏழுல ஆறு பொய்யின்னு தெரியுது. எந்த ஆறுன்னுதான் தெரியல. மெய்யா அப்பனைப் பறிகொடுத்தவன் முகத்தைப் பார்த்து நீ பொய்யின்னு சொல்லிட்டா, அந்தப் பாவத்தை நான் எங்க போய்க் கொட்டுவேன்?"

"அகா, வழியில மாட்டிக்கிட்டா?"

"அதுக்குத்தான தோலெகன் இருக்கான், கிழக்குச் சாவடியில. விட்ட உடனே அவனுக்கு போன் போடுவேன். 'வெள்ளை நிவா காரு வருது, ரெண்டு ஆளு, ஒரு ஆடு'ன்னு. ஒண்ணரை மணி நேரம் பார்ப்பான். வரலைன்னா டிராக்டரை எடுத்துக்கிட்டு அவனே கிளம்பிடுவான். இருபத்திரண்டு வருஷமா ஒரு வண்டியைக்கூட நாங்க தொலைச்சதில்ல. எண்ணி விடுவேன், எண்ணி வாங்குவான்."

போனை வைத்ததும் குன்சுலுவுக்குச் சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. பத்தொன்பது நாளாக அந்தச் சோதனை உண்மையைத்தான் சொல்லிக்கொண்டிருந்தது. அதைத்தான் எல்லோரும் பைத்தியம் என்று திட்டிக்கொண்டிருந்தார்கள். ஐந்து பகுதிகளையும் ஒட்டிப் பார்த்தவர்கள் ஆறாவதாக ஒரு பகுதி இருப்பதைப் பார்க்கவில்லை. இரண்டு கிழவர்களும் ஒரு தொலைபேசியும்தான் அந்த ஆறாவது பகுதி.

அடுத்த நொடி இன்னொன்று உறைத்தது. அவர்களுடைய மென்பொருள், பாதை திறந்திருப்பதாக அறிவித்திருக்கும்போது மட்டும்தான் உள்ளே போகிற வண்டியை எண்ணும். மூடியிருக்கும்போது எவன் போகப்போகிறான் என்று எண்ணாமல் விட்டுவிடும். அதோடு சாலைத்துறை மென்பொருளை ஏற்றுக்கொள்ளும் விழா முடிந்ததும் கிழக்குச் சாவடியில் ஆளை எடுத்துவிட்டுக் கேமரா வைக்கப்போகிறார்கள். அதற்குப் பிறகு சகின்திக் அனுப்புகிற வண்டி எந்தக் கணக்கிலும் இருக்காது. கணக்கில் இல்லாத வண்டியைத் தேடி மீட்புப் படை போகாது. அந்தக் குளிரில் பெட்ரோல் தீர்ந்தால் ஒரு மனிதன் காலை வரை தாங்கமாட்டான்.

செவ்வாய்க்கிழமை அவள் எர்கெபுலானின் அறைக்குள் போனாள். அவளைவிட ஆறு வயது சின்னவன். ஆனாலும் முதலாளி, ஆகவே பெயரைச் சுருக்கி மரியாதையாக 'எரெகே'.

"ரெண்டு நாள் குடுங்க எரெகே. காவலர் கையில இருக்கிற கருவியில ஒரு பொத்தான் வெக்கலாம். துக்க வண்டின்னு. அவரு அழுத்தினா வண்டி எண்ணிக்கையில சேர்ந்துடும். அவ்வளவுதான். சோதனை தன்னால பச்சை ஆயிடும்."

எர்கெபுலான் கெட்டவன் இல்லை. முழுக்கக் கேட்டான், தாடையைத் தேய்த்துக்கொண்டான்.

"அப்கே, வியாழக்கிழமை துணை ஆளுநர் வர்றாரு."

"வரட்டுமே."

"அந்தப் பொத்தானுக்கு என்ன பேரு போடுவீங்க? மூடின பாதையில வண்டி விடறதுக்கான பொத்தான். விதிப்புத்தகத்துல மூடினா மூடினதுதான். நாமளே கொண்டுபோய், 'ஐயா, உங்க சாவடியில விதியை மீறுறாங்க, அதுக்கு வசதி பண்ணிக் குடுத்திருக்கோம்'னு சொல்றதா? முதல்ல யாரு வேலை போகும்? என் வேலையா, உங்க வேலையா? அந்தக் கிழவர் வேலைதான் போகும். பென்ஷனுக்கு இன்னும் ரெண்டு வருஷமாவது இருக்கும் அவருக்கு."

இதைக் குன்சுலு யோசித்திருக்கவில்லை. மருமகளே என்று கூப்பிட்டு மனதில் உள்ளதையெல்லாம் கொட்டிய மனிதரை, அவர் கொட்டியதை வைத்தே காட்டிக்கொடுப்பதா? சொன்னால் அவர் தெருவுக்கு வருவார். சொல்லாவிட்டால் யாரோ ஒருவன் பனியில் விறைத்துப்போவான். என்ன வேலை இது என்று அவளுக்குத் தன் மீதே வெறுப்பு வந்தது.

எர்கெபுலான் தானே எழுந்து அவளுக்குத் தேநீர் ஊற்றினான். மதிக்கிற விருந்தாளிக்குப் பாதிக் கோப்பைதான் ஊற்றுவார்கள். அவன் விளிம்பு தளும்ப ஊற்றினான். எழுந்து போ என்று சொல்ல இந்த ஊரில் இதைவிட மரியாதையான வழி கிடையாது.

புதன்கிழமை காலை ரினாத் ஒரு வரி எழுதிச் சேர்த்தான். கம்பம் மேலே போய் ஐந்து நிமிடத்துக்குள் இறங்கிவிட்டால் அது சென்சாரின் நடுக்கம், கண்டுகொள்ளாதே. ஐம்பது நிமிடம் ஓடியது. நாற்பத்தேழு கட்டமும் பச்சை.

அலுவலகமே கைதட்டியது. யாரோ கடைக்கு ஓடிப்போய்ச் சுடச்சுட பௌர்சாக் வாங்கிவந்தார்கள். எண்ணெயில் பொரித்த அந்த மாவு உருண்டைகளை வாயில் அடைத்துக்கொண்டு, "பச்சை, பச்சை!" என்று ஒருவர் முதுகில் ஒருவர் தட்டிக்கொண்டார்கள். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்துவிட்டு, சோறு எவ்வளவு வெள்ளையாக இருக்கிறது பார் என்று கொண்டாடுகிற கூட்டம்.

"ரினாத், அது நடுக்கம் இல்லைன்னு உனக்குத் தெரியும். நான் சொல்லியிருக்கேன்."

"தெரியும் அப்கே." அவன் முகம் சிறுத்தது. "ஆனா எனக்குக் குடுத்த தாள்ல, மூடின சாவடியில வண்டி போகும்னு ஒரு வரிகூட இல்ல. தாள்ல இல்லாததை நான் எப்படி எழுதுவேன்? நீங்க எரெகேகிட்ட ஒரு கையெழுத்து வாங்கிக் குடுங்க, இப்பவே எழுதித் தர்றேன்."

அவனைத் திட்டவும் வழியில்லை. குன்சுலு தன் இடத்துக்குப் போய் உட்கார்ந்து, சோதனை அறிக்கையின் குறிப்புப் பகுதியைத் திறந்து, 'கம்பத்தைக் காவலரே தூக்குகிறார்' என்று எழுதினாள். அழித்தாள். மறுபடி எழுதினாள். மறுபடி அழித்தாள். தோலெகன் இன்னும் சாவடியில்தானே இருக்கிறார், கேமரா வர ஒரு மாதமாவது ஆகும், அதற்குள் அந்தப் பொத்தானைச் சத்தமில்லாமல் சேர்த்துவிடலாம் என்று தனக்குத்தானே ஆறுதல் சொல்லிக்கொண்டாள். மற்றவர்கள் சொல்லியிருந்தால் இந்தச் சமாதானத்தை நார் நாராகக் கிழித்திருப்பாள்.

வியாழக்கிழமை விடியும்போதே புயல் தொடங்கிவிட்டது. ஏற்பு விழாவுக்கு இதைவிட நல்ல சகுனம் வேண்டுமா என்று எர்கெபுலான் பூரித்துப்போனான். சாலைத்துறை மண்டபத்தில் கம்பளம் விரித்து, கணினிக்குச் சிவப்பு ரிப்பன்கூடக் கட்டியிருந்தார்கள். மீட்புப் படைத் தலைவர் முன்னிலையில் துணை ஆளுநர் ரிப்பனை வெட்டினார். பெரிய திரையில் ஐம்பத்தெட்டு கிலோமீட்டர் பாதையும் நீலக் கோடாக எழுந்தது. மேற்குச் சாவடி: மூடப்பட்டது. கிழக்குச் சாவடி: மூடப்பட்டது. பாதைக்குள் உள்ள வண்டிகள்: 0.

"இந்த மாதிரி புயல்லயும் ஒரு உயிர் உள்ள இல்ல" என்றார் துணை ஆளுநர். "இதுதாங்க வளர்ச்சி." மண்டபம் கைதட்டியது.

ஏற்புப் பத்திரம் மேசைக்கு வந்தது. எர்கெபுலான் கையெழுத்துப் போட்டுக் குன்சுலுவின் பக்கம் நகர்த்தினான். சோதனைத் தலைவர் என்று அச்சடித்து, பெயருக்கு மேலே ஒரு காலி இடம் விட்டிருந்தது. அவள் பேனாவின் மூடியைக் கழற்றியபோது மடியில் இருந்த கைப்பேசி நான்காவது முறையாக அதிர்ந்தது. சகின்திக். அவள் குனிந்து, காதோடு ஒட்டி வைத்துக்கொண்டாள்.

"மருமகளே, வேலையா இருக்கியா? ஒரே ஒரு விஷயம். காலைல இருந்து தோலெகன் போனை எடுக்க மாட்டேங்குறான்; டிராக்டர்ல வெளிய போயிருப்பான்னு நெனைச்சு வண்டிய விட்டுட்டேன். சாவடிக்கு அடிச்சா மணி அடிக்குது, எடுக்க ஆளில்ல. உனக்கு ஏதாச்சும் தெரியுமா?"

குன்சுலு பக்கத்தில் இருந்த சாலைத்துறை அதிகாரியிடம், "கிழக்குச் சாவடியில ஆள் இல்லையா?" என்று மெதுவாகக் கேட்டாள்.

"திங்கட்கிழமையே காலி பண்ணிட்டோம்" என்றார் அவர் பெருமையாக. "விழாவுக்குள்ள கேமரா வந்துடணும்னு மேலிடத்து உத்தரவு. அந்தா பாருங்க."

திரையின் ஓரத்தில் கேமராப் படம் தெரிந்தது. முழுக்க வெள்ளை. பனி கண்ணாடியில் அப்பிக்கொண்டிருந்தது.

"அகா," என்று குன்சுலு கைப்பேசிக்குத் திரும்பினாள். "இன்னைக்கு எத்தனை வண்டி விட்டீங்க?"

"நாலு. கடைசியா விட்டும் ரெண்டரை மணி நேரம் ஆச்சு. மூணு பொய்யின்னு நெனைக்கிறேன். ஒருத்தன் மெய்யி, அழுதுக்கிட்டே வந்தான். இப்ப உங்க பெரிய டிவி வந்துடுச்சாமே. அதுல பார்த்துச் சொல்லு. அந்தப் பக்கம் வெளிய வந்துட்டாங்களா, உள்ளயே இருக்காங்களா? உங்க டிவி எத்தனை காட்டுது?"

அவள் நிமிர்ந்து திரையைப் பார்த்தாள். 0. நாலு முறையும் கம்பம் ஐந்து நிமிடத்துக்குள் இறங்கியிருக்கும்; ரினாத்தின் வரி அதைச் சென்சாரின் நடுக்கம் என்று தள்ளியிருக்கும்.

குன்சுலு எழுந்து நின்றாள். நாற்காலி பின்னால் சாய்ந்து விழுந்தது. "பாதைக்குள்ள நாலு வண்டி இருக்கு" என்றாள். அவள் நினைத்ததைவிடச் சத்தமாகவே வந்தது.

"அப்கே," என்று எர்கெபுலான் பல்லைக் கடித்தான். "உக்காருங்க."

"திரையில பூஜ்யம் இருக்கே?" என்றார் துணை ஆளுநர்.

"திரை பொய் சொல்லுது. நாங்கதான் அதுக்குப் பொய் சொல்லக் கத்துக்குடுத்தோம். நேத்து." அவள் கைப்பேசியின் ஒலியைக் கூட்டி மேசை நடுவில் வைத்தாள். "அகா, எல்லாரும் கேக்கறாங்க. மீட்புப் படைத் தலைவர் இங்கதான் இருக்கார். சொல்லுங்க."

காற்றின் இரைச்சல் மண்டபத்துக்குள் பாய்ந்தது. மீட்புப் படைத் தலைவர் தொப்பியை எடுத்துக்கொண்டு எழுந்துவிட்டார். துணை ஆளுநரின் முகம் சிவந்திருந்தது.

"மூடின பாதையில கம்பத்தைத் தூக்கினது யாரு? பேரு என்ன?"

குன்சுலு கைப்பேசியைக் கையால் பொத்தப் போனாள். அதற்குள் பதில் வந்துவிட்டது.

"சகின்திக், மேற்குச் சாவடி. இருபத்திரண்டு வருஷமா நான்தான் தூக்கறேன். பேரை அப்புறம் எழுதிக்கங்க. முதல்ல வண்டி நம்பரை எழுதுங்க, இந்தக் காத்துக்கு லைன் நிக்காது. வெள்ளை நிவா, நானூத்திப் பதினேழு. நாலு பேரு, ஒரு கைக்குழந்தை."

கையில் பேனா இருந்தது. தாள் ஏற்புப் பத்திரம் ஒன்றுதான். குன்சுலு அதைத் திருப்பக்கூட நேரமில்லாமல் அச்சடித்த வரிகளின் மேலேயே எழுதினாள். நானூற்றுப் பதினேழு. நீல வேன், இருநூற்று அறுபது, இரண்டு பேர். மரம் ஏற்றிய லாரி, தொள்ளாயிரத்து ஐந்து, ஒருவர். இரைச்சல் கூடிக்கொண்டே போனது.

"நாலாவது, அகா? நாலாவது நம்பர்?"

"அதான் அந்த அழுத பையன். சாம்பல் கலரு சின்ன வண்டி, தனியா வந்தான். அவசரத்துல தலைக்குக் குல்லாகூட மாட்டாம வந்திருக்கான். நூத்தி முப்பத்தெட்டு. எழுதிட்டியா மருமகளே? நூத்தி..."

லைன் அறுந்தது. குன்சுலு அந்த எண்ணைத் தன் கையெழுத்துக்காக விட்டிருந்த இடத்தில் எழுதி முடித்தாள். மீட்புப் படைத் தலைவர் பத்திரத்தை அவள் கையிலிருந்து பிடுங்கிக்கொண்டு வாசலுக்கு ஓடினார்.